பூவாயி வேலைக்கு வந்த பதினான்கு நாள்

ஏற்காடு ஒன்றிய அலுவலக வாசலில்
என் மேசைக்கு மூன்று கால்தான் சரி.
நாலாவதுக்கு ஒரு செங்கல்.
மார்கழிப் பனியில் முத்திரைத்தாள் நமுத்துப்போகும்,
ஊதி ஊதித்தான் எழுதணும்.
வேட்புமனுவுக்கு இருநூறு,
உறுதிமொழிப் பத்திரத்தோடு முந்நூறு.
காலையிலிருந்து ஒன்பது பேர்.
ஒன்பது பேருக்கும் சொத்து குறைவு,
வாசலில் நிற்கும் வண்டிகள்தான் அதிகம்.

பத்தாவதாக வந்தவள்
காப்பித் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள்.
சாக்கு கட்டிய இடுப்பில் ஈரம் காயவில்லை.
விரல் நுனியெல்லாம் பழக்கறை.

பெயர்? உண்ணாமலை.
தகப்பன்? வெள்ளையன்.
படிப்பு பத்தாவது, உண்டு உறைவிடப் பள்ளி.
"கணக்குல எண்பத்தொண்ணு" என்றாள்.
அதற்குக் கட்டம் இல்லை, எழுதவில்லை.
நகை ஒரு மூக்குத்தி.
எடை?
"தெரியாது. தோட்டத்துத் தராசுல போட்டா
இன்னும் கொறையும்."
நிலம் ஒண்ணரை ஏக்கர், பட்டா கிடையாது.
பட்டா கேட்டு எழுதின மனு பன்னிரண்டு.
மனுவைச் சொத்தில் சேர்க்கலாமா என்று கேட்டாள்.
சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

நிலுவையில் வழக்கு ஏதாவது?

அங்கேதான் நின்றுவிட்டாள்.
"வழக்குன்னா யாராச்சும் போட்டாத்தானா?"
ஆமாம்.
"போடாததுக்கு?"

பேனாவை மூடி வைத்தேன்.

நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராம் இவள்.
எழுத்து அழகு என்று தலைவரே கூப்பிட்டுக் கொடுத்த வேலை.
ஓடையோரம் கல்வரப்பு, அறுபத்திரண்டு பேர்.
அதில் பூவாயி ஒரு திங்கட்கிழமை செத்துப்போனாள்,
மஞ்சள்காமாலை.
அன்று ராத்திரி தலைவரின் மச்சான்
டார்ச் அடித்துக்கொண்டு வந்து
"பேரை அடிக்காத, இருக்கட்டும்" என்றான்.
அடிக்கவில்லை.
செவ்வாய் வந்தாள் பூவாயி. புதன் வந்தாள்.
பால் தெளித்த அன்றைக்கும் கல் சுமந்தாள்.
"நடுவுல ஒருநாள் வரலைன்னு போட்டேன்,
சந்தேகம் வரக் கூடாதுல்ல.
அதை யாரும் சொல்லித் தரலை, நானாத்தான் போட்டேன்."
இதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

வங்கிக் கணக்கை மூடப் போன மகள்
பாஸ்புக்கைப் பதிந்து வாங்கிப் பார்த்திருக்கிறாள்:
அம்மாவைப் புதைத்த பிறகு கூலி ஏறியிருக்கிறது,
ஏறிய அன்றே இறங்கியும் இருக்கிறது.

உண்ணாமலை வேலையை விட்டுவிட்டுப் பழம் பறிக்கப் போனாள்.
"இப்பவும் விடிஞ்சா
அறுபத்திரண்டு பேரும் வரிசையா வாயில வருது."

அப்போ தண்ணி, ரோடு, தெருவிளக்கு? என்றேன்.
நோட்டீசுக்குக் கேட்பார்களே.
"அதெல்லாம் உண்டு.
அதுக்காகன்னா போன தடவையே நின்னிருப்பேனே."

நிலுவை வழக்கு: இல்லை
என்று எழுதினேன்.
போன தடவை இதே மேசையில்
தலைவருக்கு எழுதியதும் இதே "இல்லை"தான்.
என் எழுத்தையும் அழகு என்பார்கள்.

முன்மொழிபவர்?
பின்னால் குடையோடு நின்றவள் முன்னே வந்தாள்.
ரஞ்சிதம்.
தாய் பெயர் கேட்காமலே சொன்னாள், பூவாயி என்று.
நான் நிமிர்ந்தேன். அவள் குடையைத்தான் பார்த்தாள்.
"மூவாயிரத்து எரநூத்தி ஆறு.
எண்ணிக் குடுத்துட்டா.
மீதிக்கு நிக்கட்டும்."
கையெழுத்துப் போட்டாள்.
'ஞ்' வரும் இடத்தில் பேனா கொஞ்சம் தடுமாறியது.

மூன்று மணிக்கு மனு வாங்குவது முடியும்.
டெபாசிட்டுக்குப் பத்து ரூபாய்த் தாள்களாக எண்ணிக்கொண்டே
இரண்டு பேரும் படியேறினார்கள்,
ஒரே குடையில், ஒட்டாமல்.
எனக்குத் தரவேண்டியதில் நூறு பாக்கி என்று
ஒரு துண்டுச்சீட்டில் அவளே எழுதி
மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்,
தேதி போட்டு.

உண்மையிலேயே நல்ல கையெழுத்து.